வேலி போட வேண்டிய இடம் கடல்

இங்கிலாந்தின் வடகிழக்கே, யார்க்ஷயர் கடற்கரையில் பெம்ப்டன் என்று ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி, ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே கடலைப் பார்த்து நடந்தால் நிலம் திடீரென்று முடிந்துபோகும். அதற்கப்புறம் நூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அடியில் வடகடல். வசந்தம் தொடங்கி ஆகஸ்ட் வரை அந்தப் பாறைச் சுவரில் ஏறத்தாழ 5 லட்சம் கடற்பறவைகள் குடித்தனம் நடத்துகின்றன. பறவைப் பாதுகாப்புக்கான ஆர்.எஸ்.பி.பி. அமைப்பு அந்த இடத்தைப் பராமரிக்கிறது. முகட்டை ஒட்டி நடைபாதை உண்டு. இடையிடையே வேலி கட்டிய பார்வை மேடைகள். அந்த வேலியில் சாய்ந்துகொண்டு கீழே எட்டிப் பார்க்கத்தான் வருடாவருடம் கூட்டம் போகிறது.

போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது அறிவுரை. பாதையை விட்டு விலகாதீர்கள். நாயைக் கயிற்றில் கட்டிப் பிடியுங்கள். டிரோன் பறக்க விடாதீர்கள். கூட்டுக்குக் கிட்டே படகை ஓட்டாதீர்கள். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. கில்லிமாட் என்ற பறவை கூடே கட்டாமல் வெறும் பாறையில் முட்டையிடுகிறது. ஒரு டிரோன் சத்தத்தில் நூறு பறவைகள் ஒன்றாக எழுந்து பறந்தால், முட்டைகள் உருண்டு கடலில் விழும். ஆகவே அறிவுரையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் இந்த அறிவுரைகளைக் கேட்டுக் கேட்டு ஒரு நினைப்பு ஊறிப்போய்விட்டது. வேடிக்கை பார்க்க வருகிறவன் ஒழுங்காக இருந்தால் பறவை பிழைத்துக்கொள்ளும் என்கிற நினைப்பு. செல்ஃபி எடுக்கும் இளைஞனைத் திட்டி நாலு வரி எழுதிவிட்டால் இயற்கைக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்கிற நினைப்பு. அங்கேதான் தகராறு! அந்தப் பாறையில் பறவை குறைந்தால் அதற்குக் காரணம் முகட்டில் நடக்கிற செருப்பு இல்லை. காரணம் கடலுக்குள்ளே இருக்கிறது. வேலியை மேலே கட்டிவிட்டு, 150 வருடமாகக் கடலைத் திறந்தே போட்டிருந்தார்கள். கடைசியில் 2024-ல்தான் அங்கே ஒரு வேலி வந்தது. வந்த வேகத்தில் அதையும் பிடுங்கப் பார்த்தார்கள்.

பஃபின் பறவையின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. சிவப்பும் மஞ்சளும் கலந்த அலகு, கோமாளி முகம். நாட்காட்டி, காபிக் கோப்பை, சாவிக்கொத்து என்று எங்கும் அதே படம்தான். அந்தப் படத்தில் பஃபினின் வாயில் வெள்ளி நூலாகத் தொங்குகிறதே, அது என்ன என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அதுதான் சாண்டீல். விரல் நீளத்திலிருந்து ஒரு சாண் வரை வளரும் ஒல்லியான மீன். எல்லோரும் பறவையைப் பார்த்தார்கள், மீனைப் பார்க்கவில்லை. மொத்தக் கதையும் அந்த மீனில்தான் இருக்கிறது.

சுவரில் குடியிருப்பவர்கள்

மீனுக்குப் போகும் முன் குடித்தனக்காரர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பெம்ப்டன் பாறையைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே இரைச்சல், ஒரே நாற்றம், ஒரே கூட்டம். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் அது பல மாடிக் குடியிருப்பு என்று புரியும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மாடி, ஒரு விதமான படி.

உள்ளங்கை அகல விளிம்பில் தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்பவை கில்லிமாட்கள். ஒரு ஜோடிக்கு ஒரே முட்டை. ஒரு முட்டையின் நிறமும் கோலமும் இன்னொன்றுபோல் இருக்காது. அந்த நெரிசலில் தன் முட்டையை அடையாளம் கண்டுபிடிக்க அதுதான் வழி. குஞ்சு மூன்று வார வயதில், சரியாகப் பறக்கத் தெரியாத நிலையிலேயே, அந்த உயரத்திலிருந்து கடலுக்குக் குதித்துவிடுகிறது. கீழே அப்பா காத்திருக்கிறது. அங்கிருந்து தகப்பனும் பிள்ளையும் நீந்தியே ஆழ்கடலுக்குப் போய்விடுகின்றன. ஜூன் கடைசி, ஜூலை மாதத்து அந்திப் பொழுதில் அந்தக் குதிப்பைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

பாறைப் பிளவுகளில் ரேசர்பில்களும் பஃபின்களும் இருக்கின்றன. மற்ற இடங்களில் மண்ணில் வளை தோண்டும் பஃபின், இங்கே சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளிலேயே காலம் தள்ளுகிறது. அகலமான திட்டுகளில் கானெட்டுகள். இறக்கையை விரித்தால் கிட்டத்தட்ட 2 மீட்டர். இங்கிலாந்தின் பெருநிலக் கரையில் கானெட் கூடு கட்டும் இடம் இது ஒன்றுதான்.

கடைசியாக, எண்ணிக்கையில் முக்கியமான கிட்டிவேக். கடற்காக இனத்தில் இவ்வளவு சாதுவான முகம் வேறெதற்கும் இல்லை. கறுப்புக் கால், மையில் தோய்த்தெடுத்தது போன்ற இறக்கை நுனி. தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நிற்கவே முடியாது என்று தோன்றும் துளித் துருத்தலில் சேற்றையும் புல்லையும் குழைத்து ஒட்டி, கிண்ணம் மாதிரி கூடு கட்டும். குளிர்காலம் முழுவதும் அட்லாண்டிக் பெருங்கடலில் சுற்றிவிட்டு, குஞ்சு பொரிக்க மட்டும் கரைக்கு வரும். பெம்ப்டனையும் சேர்த்து ஃபிளாம்பரோ முனையிலிருந்து ஃபைலி வரையிலான கரையில் 40 ஆயிரம் ஜோடிக்கு மேல் கிட்டிவேக்குகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. ஆனால் பிரிட்டன், அயர்லாந்து முழுவதற்குமாக 2015 முதல் 2021 வரை எடுத்த கடற்பறவைக் கணக்கெடுப்பு, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் கிட்டிவேக் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. உலக அளவிலும் 2017-ல் அதை அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

40 சதவீதத்தை செல்ஃபிக் கூட்டம் தின்றுவிட்டதா? நடைபாதையே இல்லாத, மனிதக் கால் படாத தீவுகளிலும்தானே குறைந்திருக்கிறது? கேட்டால் பதில் வராது.

துப்பாக்கிக்கு 1869, முட்டைக்கு 1954

இந்தப் பாறைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அது தெரிந்தால்தான் இன்றைய கதையின் அநியாயம் புரியும்.

1840-களில் ரயில் பாதை பக்கத்து ஊரான பிரிட்லிங்டன் வரை வந்தது. அதோடு வந்தார்கள் துப்பாக்கிக்காரர்கள். படகு எடுத்துக்கொண்டு பாறை அடிக்குப் போவார்கள். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைகளைச் சுட்டுத் தள்ளுவார்கள். தின்பதற்கு இல்லை. பொழுதுபோக்கு! தாய் தந்தை செத்த கூடுகளில் குஞ்சுகள் பட்டினியில் சாகும். கிட்டிவேக்கின் இறக்கைக்குச் சந்தையும் இருந்தது. சீமாட்டிகளின் தொப்பிக்கு அலங்காரம்.

ஆல்ஃபிரட் நியூட்டன் என்ற விலங்கியல் அறிஞர் 1868-ல் நார்விச் நகரில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் இதைப் போட்டு உடைத்தார். சுட்டவனோடு நிறுத்தவில்லை. அந்த வெள்ளை இறகைத் தொப்பியில் சூடியவருக்கும் கொலையில் பங்கு உண்டு என்ற பொருளில் பேசினார். அந்த மனிதருக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. 'கிரேட் ஆக்' என்ற பறக்காத பெரிய கடற்பறவையைத் தேடி 1858-ல் ஐஸ்லாந்து வரை போய் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். அந்த இனத்தின் கடைசி ஜோடியை 1844-ல் எல்டே தீவில் கொன்றிருந்தார்கள். ஓர் இனம் போனால் போனதுதான் என்பதை நேரில் உணர்ந்தவர்.

உள்ளூரில் பிரிட்லிங்டன் பாதிரியார் பார்ன்ஸ், கடற்பறவைகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டோபர் சைக்ஸ் மசோதா கொண்டுவந்தார். அவர்கள் வைத்த வாதங்கள் வெறும் இரக்கம் சார்ந்தவை இல்லை. மூடுபனியில் பாறை எங்கே இருக்கிறது என்று மாலுமிக்குச் சொல்வது இந்தப் பறவைகளின் இரைச்சல்தான். மீன் கூட்டம் எங்கே என்று மீனவனுக்குக் காட்டுவதும் இவைதான். பறவை போனால் கப்பல் மோதும், வலை காலியாக வரும் என்றார்கள். 1869-ல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை சுடக்கூடாது, மீறினால் பறவைக்கு ஒரு பவுண்டு வரை அபராதம். பிரிட்டனில் காட்டுப் பறவைகளைக் காக்க வந்த முன்னோடிச் சட்டங்களில் இது முக்கியமானது.

அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே தொலைவில் இருந்த செயின்ட் கில்டா தீவு மக்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அவர்களுக்குக் கடற்பறவைதான் சாப்பாடு, எண்ணெய், வாடகை எல்லாம். வயிற்றுக்காகக் கொல்கிறவனையும் வேடிக்கைக்காகக் கொல்கிறவனையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்ற அறிவு 1869-லேயே இருந்திருக்கிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சட்டம் பறவையைக் காத்தது, முட்டையைக் காக்கவில்லை. பெம்ப்டன் பகுதியில் 'கிளிம்மர்' என்று அழைக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். முகட்டில் மூன்று பேர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தலையில் வைக்கோல் திணித்த தொப்பியோடு பாறையில் இறங்கி முட்டை பொறுக்குவார். சாப்பிடக் கொஞ்சம், தோல் பதனிடும் தொழிலுக்குக் கொஞ்சம், அபூர்வக் கோலம் போட்ட முட்டைகள் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கு. ஆபத்தான வேலை, அசாத்திய துணிச்சல். அதில் மறுப்பில்லை. ஆனாலும் முட்டை முட்டைதான். 1954-ல் வந்த பறவைப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தத் தொழில் முடிந்தது.

ஆக, பறவையின் உயிருக்கு 1869-ல் காவல் வந்தது. பிள்ளைக்கு 1954-ல் வந்தது. சோற்றுக்கு எப்போது?

சோற்றுக்கு 2024

சாண்டீல் வாழும் விதமே வேறு. வருடத்தின் பெரும்பகுதியைக் கடலடி மணலுக்குள் புதைந்து கழிக்கும். வசந்தத்திலும் கோடையிலும் பகலில் மணலை விட்டு வெளியே வந்து நுண்ணிய மிதவை உயிர்களைத் தின்று கொழுக்கும். வளர்ந்த மீன் தன் மணல் திட்டை விட்டு வெகுதூரம் போகாது. கொழுப்பு நிறைந்த உடம்பு, குஞ்சின் தொண்டைக்கு ஏற்ற வடிவம். கடற்பறவைக் குஞ்சுக்குத் தாய்ப்பால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது? மீன் வெளியே வரும் மாதங்களும், குஞ்சுக்குச் சோறு வேண்டிய மாதங்களும் ஒன்று. இழுவை வலை வருவதும் அதே மாதங்களில்தான். ஏப்ரல், மே, ஜூன். மணலுக்குள் புதைந்திருக்கும் மீனை வலையில் பிடிக்க முடியாதே!

சரி, பிடித்த மீனை யார் சாப்பிட்டார்கள்? யாரும் இல்லை. மனிதன் தட்டுக்கு அது நேராக வருவதே இல்லை. அரைத்து மீன்மாவு ஆக்குவார்கள், பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள். அந்த மாவு பண்ணைப் பன்றிக்கும், கூண்டில் வளர்க்கும் சால்மன் மீனுக்கும் தீவனம். 1990-களின் பிற்பகுதியில் வடகடலிலிருந்து ஓராண்டில் 10 லட்சம் டன் அளவுக்கு சாண்டீல் அள்ளப்பட்டது. இதில் பெரும்பங்கு டென்மார்க் கப்பல்களுடையது.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே 1990-களில் சாண்டீல் பிடிப்பு மும்முரமாக நடந்தது. பக்கத்தில் உள்ள மே தீவின் கிட்டிவேக்குகள் குஞ்சு வளர்க்க முடியாமல் திண்டாடின. 2000-ல் அந்தக் கடற்பகுதியில் பிடிப்பை நிறுத்தினார்கள். 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று, மீன்பிடிப்பு நடந்த ஆண்டுகளில் குஞ்சுகள் பிழைத்தது குறைவு என்று காட்டியது. குளிர்காலக் கடல் சூடாக இருந்தாலும் அதே பாதிப்பு வருகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இரண்டு அடி, ஒரே முதுகு.

இது தெரிந்த பிறகும் இங்கிலாந்துப் பகுதிக்குத் தடை வர இன்னும் இருபது வருடம் ஆனது. 2023-ல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. 2024 மார்ச் கடைசியில் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும், ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும் சாண்டீல் பிடிப்பு மூடப்பட்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் வழக்குக்குப் போனது. பிரெக்சிட்டுக்குப் பிந்தைய வணிக உடன்பாட்டின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போன முதல் தகராறு, ஒரு விரல்நீள மீனைப் பற்றியது!

ஹேக் நகர நடுவர் மன்றத்தின் தீர்ப்பு 2025 மே மாதம் வந்தது. அறிவியல் ஆதாரம் போதுமானது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இங்கிலாந்துப் பகுதியை மூடும் முடிவை எடுத்த விதத்தில் குறை கண்டார்கள். ஐரோப்பிய மீன்பிடி உரிமைக்கு ஏற்படும் பாதிப்பைச் சரியாக எடைபோடவில்லை என்றார்கள். தடையை நீக்கு என்று சொல்லவில்லை. அரசியலில் இதற்கு என்ன அர்த்தம் என்று விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். பேரம் பேசும் மேஜையில் இந்த மீன் ஏறிவிட்டது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, வேறு எதற்காவது விலையாக இதைக் கொடுக்கலாம்.

கேட்கப்படும் கேள்விகள்

முதல் கேள்வி, மீனவர் பிழைப்பு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. டென்மார்க்கின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் இந்தப் பிடிப்பை நம்பிக் கப்பல்களும் ஆலைகளும் இருக்கின்றன. அங்கே வேலை போகிறவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும், மாற்று வழி காட்ட வேண்டும். அது அரசுகளின் கடமை. ஆனால் செயின்ட் கில்டாவை நினைத்துப் பாருங்கள். பசிக்காகப் பறவை பிடித்தவனுக்கு 1869-ல் விலக்கு கொடுத்ததில் நியாயம் இருந்தது. பன்றித் தீவனத்துக்காக டன் கணக்கில் அள்ளுவதற்கு அதே நியாயத்தைக் கேட்பது எப்படிப் பொருந்தும்? பன்றிக்கு வேறு தீவனம் உண்டு. கிட்டிவேக் குஞ்சுக்கு அந்த நேரத்தில் வேறு சோறு கிடைப்பது அரிது.

இரண்டாவது, "விஞ்ஞானிகள் சொன்ன அளவுக்குள்தானே பிடித்தோம்" என்ற வாதம். அளவு நிர்ணயம் நடந்தது உண்மைதான். அந்தக் கணக்கு முதன்மையாக எதற்கு? மீன் இனம் அடுத்த வருடமும் பெருகும் அளவுக்கு மிச்சம் வேண்டும் என்பதற்கு. எந்தப் பாறைக்கு எதிரே, எந்த வாரத்தில், எவ்வளவு மீன் இருந்தால் குஞ்சு பிழைக்கும் என்பது அந்தக் கணக்கில் கறாராக வருவதில்லை. இடம் பெயராத மீனை ஒரு திட்டில் வழித்தெடுத்துவிட்டு, மொத்தக் கடலின் சராசரியைக் காட்டி என்ன பிரயோசனம்? ஊருக்கே சராசரியாகச் சோறு இருக்கிறது என்றால் இந்த வீட்டுப் பிள்ளையின் வயிறு நிறைந்துவிடுமா?

மூன்றாவது, "கடல் சூடாகிறது, வலையை நிறுத்தி என்ன ஆகப்போகிறது". சூடாவது நிஜம். சாண்டீல் தின்னும் குளிர்நீர் மிதவை உயிர்கள் வடக்கே நகர்கின்றன, அதுவும் நிஜம். ஆனால் இந்த வாதத்தின் லட்சணத்தைக் கவனியுங்கள். காய்ச்சலில் கிடப்பவனுக்கு எப்படியும் உடம்பு சரியில்லை, கஞ்சியையும் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பது போல! கடலின் வெப்பத்தை எந்த நாடும் தனியாக அடுத்த வருடத்துக்குள் குறைக்க முடியாது. வலையை அடுத்த நாளே நிறுத்த முடியும். கைக்கு எட்டுவதைச் செய்யாமல் இருக்க, கைக்கு எட்டாததைச் சாக்கு சொல்லக்கூடாது. 2022, 2023-ல் பறவைக் காய்ச்சல் வந்து பிரிட்டன் கரையெங்கும் கானெட்டும் கிட்டிவேக்கும் செத்து ஒதுங்கின. பலவீனமான கூட்டத்துக்கு இன்னும் ஓர் அடி. இதற்கப்புறமும் சோற்றில் கை வைப்பதா?

நான்காவது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. "பெம்ப்டனில் கானெட் பெருகியிருக்கிறதே? மீன் இல்லாமலா?" பெருகியது உண்மை. ஆனால் கானெட் வேறு பிராணி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், உயரத்திலிருந்து ஈட்டி மாதிரி பாய்ந்து, கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் போன்ற பெரிய மீனைப் பிடிக்கும். கிட்டிவேக் பாவம், கடல் மேற்பரப்பில் எட்டுகிற மீனைத்தான் கொத்த முடியும். மேலே மீன் வராவிட்டால் அதற்குப் பட்டினி. பணக்காரன் வீட்டுக் கல்யாணத்தைக் காட்டி ஊரில் பஞ்சமே இல்லை என்று சொல்வது போன்றது இந்த வாதம்.

இரும்பில் கட்டிய கூடு

இதற்கு நடுவே ஒரு வேடிக்கையும் நடந்தது. யார்க்ஷயர் கரைக்கு எதிரே கடலில் பெரும் காற்றாலைகள் வருகின்றன. சுழலும் விசிறிகளில் கிட்டிவேக் அடிபடும் என்பதால், 'ஹார்ன்சி 3' காற்றாலைத் திட்டத்துக்கு அனுமதி தரும்போது பறவைகளுக்கு ஈடு செய்யச் சொன்னார்கள். ஈடு என்ன தெரியுமா? 2023-ல் தெற்கே சஃபோக் கரைக்கு அருகே கடலுக்குள் செயற்கைக் கூடுகள் கொண்ட கோபுரங்களை நிறுத்தினார்கள். தளம் தளமாக அடுக்கி, கிட்டிவேக் உட்கார வசதியான படிகளோடு.

காற்றாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடல் சூடாவதைத் தடுக்க அதுவும் தேவை. பொறியாளர்கள் செய்ததும் நேர்த்தியான வேலைதான். சஃபோக்கில் நல்ல பாறைகள் இல்லாததால் அங்கே கிட்டிவேக் பழைய கட்டடங்களின் விளிம்புகளில் கூடு கட்டுவது வழக்கம், ஆகவே கோபுரத்துக்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் கேள்வி இதுதான்: கிட்டிவேக் குறைந்தது கூடு கட்ட இடம் இல்லாமலா? பெம்ப்டன் பாறை அதே இடத்தில்தான் நிற்கிறது. வீட்டில் அரிசி இல்லை என்று அழுகிறவனுக்கு இன்னொரு அறை கட்டிக் கொடுத்த கதை! கோபுரத்தைப் படம் எடுக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். கடலடியில் பிடிக்கப்படாமல் விட்ட மீனைப் படம் எடுக்க முடியாதே. அதனால்தான் சோற்றைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

வேலியில் சாய்ந்து நிற்பவருக்கு

அப்படியானால் பாறை முகட்டுக்கு நடக்கவே வேண்டாமா? நடக்கத்தான் வேண்டும். தாராளமாகப் போகட்டும், கூட்டமாகப் போகட்டும். 1869 சட்டம் எதனால் வந்தது? அந்தப் பாறையைக் கண்ணால் பார்த்து வயிறெரிந்தவர்கள் இருந்ததால் வந்தது. பார்க்காத எதையும் யாரும் காப்பாற்றியதில்லை. பார்வையாளரை வில்லனாக்கி விரட்டிவிட்டால், அந்தப் பறவைகளுக்காக வாய் திறக்க ஆளே இருக்காது. வலைக்காரர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் பார்ப்பதோடு நின்றால் போதாது. 2021-லும் 2022-லும் தென்கோளத்தைச் சேர்ந்த கருப்புப் புருவ ஆல்பட்ராஸ் ஒன்று வழி தவறி பெம்ப்டனுக்கு வந்துவிட்டது. அதைப் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் கூட்டமாக விடியற்காலையில் வந்து நின்றார்கள். நல்ல ஆர்வம், வாழ்க! வழி தவறி வந்த ஒரு பறவைக்குக் காட்டிய அந்த அக்கறையில் கால்வாசி, வழி தவறாமல் ஆண்டாண்டாக வரும் கிட்டிவேக்கின் சோற்றுக்குக் காட்டினால், எந்த அரசியல்வாதிக்கும் அந்த மீனைப் பேரம் பேசத் துணிச்சல் வராது.

என்ன செய்யலாம்? நியூட்டன் செய்ததைச் செய்யலாம். சுட்டவனை மட்டும் கேட்காமல் தொப்பியையும் கேட்டாரே, அதைச் செய்யலாம். இன்றைய தொப்பி, தட்டில் இருக்கும் பண்ணை சால்மன். அது என்ன தின்று வளர்ந்தது, அந்தத் தீவனத்தில் எந்தக் கடலின் எந்த மீன் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்கலாம், நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். அங்கே ஓட்டு உள்ளவர்கள் தங்கள் உறுப்பினரிடம் 2024 தடை நிலைக்குமா என்று கேட்கலாம். பஃபின் படத்தைப் பகிரும்போது அதன் வாயில் உள்ள மீனின் பெயரையும் சேர்த்து எழுதலாம். காசு செலவில்லாத காரியம்.

சத்தம் போட்டுப் பிள்ளையை எழுப்பாதே என்று வீட்டு வாசலில் பலகை மாட்டுவது நல்லதுதான். உள்ளே அடுப்பில் பானை இருக்கிறதா என்றும் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டாமா? பெம்ப்டன் முகட்டில் நிற்கிற எல்லோரும் கீழே பார்க்கிறார்கள். அடுத்த தடவை கொஞ்சம் தலையை நிமிர்த்தி, பாறைக்கு எதிரே விரிந்து கிடக்கும் அந்தச் சாம்பல் நிறக் கடலையும் பார்க்கட்டும். சட்டம் அங்கே போய்ச் சேர 155 வருடம் ஆனது. அதைத் திருப்பி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை.

பி.கு: போக நினைப்பவர்களுக்கு. பஃபின் பார்க்க ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூலை வரை. கில்லிமாட் குஞ்சு குதிப்பதற்கு ஜூன் கடைசி. கானெட் மட்டும் இலையுதிர் காலம் வரை இருக்கும். காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் மேல்சட்டை அவசியம். மூக்கைப் பொத்தக் கைக்குட்டையும்தான் :-) டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.